வாசலில் நிற்கும் தூண் எதைக் கேட்கிறது?

திருகோணமலையில் அண்மைக்காலத்தில் திறந்த பெரிய புடவைக்கடை, சுப்பர் மார்க்கெட் சிலவற்றின் வாசலில் இரு பக்கமும் இரண்டு தூண்கள் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அதற்குள் கமரா இருக்கிறது என்று நினைப்பவர்கள் உண்டு. பைக்குள் இருப்பதையெல்லாம் எக்ஸ்ரே எடுத்துவிடும் என்று கூச்சப்படுபவர்களும் உண்டு. இரண்டும் இல்லை. தூணுக்குக் கண்ணே கிடையாது. ஒரே கேள்வியை விடாமல் கேட்கும். பதில் வந்தால் கத்தும். அவ்வளவுதான் அதன் அறிவு.

களவைப் பிடிக்க நிற்கும் இந்தத் தூணுக்குப் பழைய கடைகளில் தேவையே இருக்கவில்லை. சாமான் முழுவதும் மேசைக்குப் பின்னால் இருக்கும், கேட்டால் முதலாளியோ கடைப் பொடியனோ எடுத்துத் தருவார். 1916இல் அமெரிக்காவின் மெம்பிஸ் நகரில் கிளாரன்ஸ் சாண்டர்ஸ் என்பவர் ‘பிக்லி விக்லி’ என்ற கடையைத் திறந்து, வாடிக்கையாளர் கையிலேயே கூடையைக் கொடுத்துவிட்டார். வேலையாள் செலவு குறைந்தது. களவுக்கும் வழி திறந்தது. பொருளிலேயே ஒரு மின்னணு அடையாளத்தை ஒட்டிவிடும் யோசனையை 1960களில் ஆர்தர் மினாசி போன்ற அமெரிக்கர்கள் கொண்டுவந்தார்கள்.

ஷாம்பூ போத்தலில் சில வேளை சதுரமான தடித்த ஸ்டிக்கர் ஒன்று இருக்கும். வீட்டுக்கு வந்ததும் அதை உரித்து வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். அலுமினியக் கோடு ஒன்று ஓரத்தில் தொடங்கி, சதுரத்துக்குள் சதுரமாக நடுவை நோக்கிப் போகும். அது கம்பிச்சுருள். அதோடு சேர்ந்தாற்போல் இரண்டு சிறு அலுமினியத் தகடுகள், நடுவே மெல்லிய பிளாஸ்டிக், அது கொள்ளளவி, அதாவது மின்சக்தியைச் சற்று நேரம் சேர்த்து வைக்கும் உறுப்பு. பற்றரி எதுவும் இல்லை. சுருளில் சேரும் சக்தி கொள்ளளவிக்குப் போகும், அங்கிருந்து திரும்பச் சுருளுக்கு வரும். ஒரு செக்கனில் இது எத்தனை தடவை நடக்கும் என்பதைச் சுருளின் சுற்றுகளும் தகட்டின் பரப்பும் தீர்மானிக்கின்றன. இந்த ஸ்டிக்கர்களில் அது சுமார் 82 இலட்சம் தடவை, அதாவது 8.2 மெகாஹேர்ட்ஸ்.

தூண் இந்த அதிர்வெண்ணுக்குச் சற்றுக் கீழிருந்து சற்று மேல் வரை ஏறி இறங்கி வானொலி அலையை அனுப்பிக்கொண்டிருக்கும். இடையில் ஸ்டிக்கர் வந்தால், தனக்குரிய அதிர்வெண் வரும் அந்தக் கணத்தில் மட்டும் சக்தியை உறிஞ்சித் திருப்பி விடும். அந்தச் சிறு மாற்றம்தான் பதில். காசு கட்டும்போது ஸ்டிக்கரை வைக்கும் பலகை அதன்மேல் பலமான அலையைப் பாய்ச்சுகிறது. கொள்ளளவியின் பிளாஸ்டிக்கில் வேண்டுமென்றே மெலிதாக விட்ட இடம் உடைந்து, தகடுகள் ஒன்றையொன்று தொட்டுவிடும். அதற்கப்புறம் ஸ்டிக்கர் ஊமை.

எனக்குப் பிடித்தது இன்னொரு வகை. வெள்ளை நிறத்தில், ஒடுக்கமாக, நடுவில் கொஞ்சம் புடைத்த பிளாஸ்டிக் வில்லை. அந்தப் புடைப்புக்குக் காரணம் இருக்கிறது: உள்ளே உள்ள உலோகத் துண்டு அதிர இடம் வேண்டும். உருகிய உலோகக் கலவையை வேகமாகச் சுழலும் சக்கரத்தின்மேல் ஊற்றி, செக்கனுக்குப் பத்து இலட்சம் பாகை என்ற வேகத்தில் குளிரவைத்து எடுத்த துண்டு அது. அணுக்கள் பளிங்காக அடுக்கிக்கொள்ள நேரமே கிடைப்பதில்லை. காந்தப்புலம் பட்டால் அதன் நீளம் மிக மிக நுண்ணிய அளவில் மாறும். தூண் 58 கிலோஹேர்ட்ஸில் ஒரு துடிப்பை அனுப்பிவிட்டு மௌனமாகிக் காது கொடுக்கிறது. அடித்து விட்ட பிறகும் கோணேசர் கோயில் மணி ரீங்கரிப்பதுபோல் அந்தத் துண்டும் ஒரு கணம் அதிர்ந்துகொண்டிருக்கும். நம் காது 20 கிலோஹேர்ட்ஸுக்கு மேல் கேட்காது என்பதால் நமக்கு அது மௌனம்தான். வில்லைக்குள் இன்னொரு துண்டு காந்தமாக இருந்து இந்த அதிர்வைச் சரியான அதிர்வெண்ணில் நிறுத்துகிறது; அதன் காந்தத்தன்மையை நீக்கிவிட்டால் பதில் இல்லை.

இந்த ஏற்பாட்டுக்குக் குறைகளும் உண்டு. 400 கிராம் பால்மா பக்கட்டின் உறையில் உலோகப் படலம் இருக்கும். சதுர ஸ்டிக்கரை அதன்மேல் நேராக ஒட்டினால், அலை பட்டு அந்தப் படலத்தில் மின்னோட்டம் சுழன்று எதிர்ப்புலத்தை உண்டாக்கும். ஸ்டிக்கரின் அதிர்வெண் இடம் மாறிவிடும். ரின் மீனுக்கும் இதே கதை. விலை கூடிய பால்மாவைக் காசாளருக்குப் பக்கத்திலோ கண்ணாடி அலுமாரியிலோ வைப்பது, என் கணக்கில், ஸ்டிக்கரைவிட நல்ல யோசனை.

தூணுக்குக் கடையும் தெரியாது. கொழும்பில் வாங்கிய சப்பாத்துக்குள் ஊமையாக்கப்படாத ஸ்டிக்கர் கிடந்தால், உவர்மலையில் இருந்து அதைப் போட்டுக்கொண்டு வருபவர் இங்குள்ள கடைக்குள் நுழையும்போதே அலாரம் அடிக்கலாம். காசாளர் பலகையில் சரியாக வைக்காவிட்டாலும் அப்படித்தான். ஆகவே அலாரம் கேட்டவுடன் ஆளைப் பிடித்து நிறுத்திப் பையைக் கொட்டுவது அநியாயம். ‘ஸ்டிக்கர் எடுபடேல்லைப் போல, ஒருக்கா பாப்பம்’ என்று சொன்னால் விசயம் அங்கேயே முடிந்துவிடும்.

கடையின் இருப்புக் குறைவதற்குக் களவு ஒரு காரணம் மட்டுமே. லொறியில் 20 பெட்டி என்று பில் வரும், இறங்கியது 19 ஆக இருக்கும். பழுதான தயிர், திகதி முடிந்த பிஸ்கட், எலி கடித்த மூட்டை, வேலையாள் கை வைப்பது எல்லாம் சேரும். தூணுக்கு இவை எதுவும் கேட்காது.

கருவாடு விற்பவர்களுக்கு இன்னொரு தொல்லை. கச்சான் காற்று வீசும் மாதங்களில் திறந்து வைத்த கருவாட்டிலிருந்து ஈரம் போய் நிறை குறையும். மாரியில் உப்பு ஈரத்தை இழுத்து நிறை கூடும், பூஞ்சணமும் பிடிக்கும். கணக்கில் விழும் ஓட்டையைப் பார்த்துப் பொடியனைச் சந்தேகிக்க முன்னர், வாங்கிய அன்று நிறுத்ததை எழுதிவைத்து, ஒரு கிழமை கழித்துத் தொடாத மூட்டையொன்றை அதே தராசில் மறுபடி நிறுத்துப் பார்க்கலாம். காற்று எவ்வளவு கொண்டுபோனது என்பது அதிலேயே தெரிந்துவிடும்.