திரும்பிக்கொண்டே இறங்கும் கியர்

ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரின் முன்பக்கம் மட்கார்டோடு சேர்ந்து அப்படியே முன்னால் கவிழும். எஞ்சினைச் சுற்றி நின்று வேலை பார்க்க அவ்வளவு வசதியான கார் குறைவு. தீப்பொறியை ஒவ்வொரு சிலிண்டருக்கும் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டரைக் கழற்றி, அது உட்கார்ந்திருக்கும் பீடத்தையும் எடுத்துவிட்டால் பிளாக்கில் ஒரு வட்டத் துளை தெரியும். உள்ளே எண்ணெய்ப் பளபளப்போடு ஒரு சின்ன கியர் நிற்கும். பல்லெல்லாம் சாய்வாக வெட்டியிருக்கும். ஒரு காந்தக் கம்பியை விட்டு மேலே இழுத்தால் கியர் நேராக வராது. கொஞ்சம் சுழன்றுகொண்டே வரும். எப்படி வந்ததோ, திரும்பப் போடும்போதும் அப்படியேதான் சுழன்றுகொண்டு இறங்கும். இந்த கியரைக் கழற்றிப் போடும் வேலையில் புரிந்துகொள்ள வேண்டியது இந்தச் சுழற்சிதான். மற்ற எல்லாம் இதிலிருந்து வருகிறது.

டிரையம்ஃப் ஹெரால்டு 1959-இல் இங்கிலாந்தில் வந்தது. உடலை வடிவமைத்தவர் இத்தாலியரான ஜொவானி மிகெலோட்டி. 1961 முதல் சென்னைக்கு அருகே வண்டலூரில் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் நிறுவனம் இதே காரை 'ஸ்டாண்டர்டு ஹெரால்டு' என்ற பெயரில் தயாரித்தது. 1972-இல் வந்த கஸெல் அதன் வாரிசு. எஞ்சின் 948 சிசி, நான்கு சிலிண்டர். 1953-இல் ஸ்டாண்டர்டு எயிட் காருக்காகச் செய்த 803 சிசி எஞ்சினிலிருந்து வளர்ந்த குடும்பம் இது. கடைசியில் 1493 சிசி வரை பெரிதாகி ஸ்பிட்ஃபயரிலும் எம்ஜி மிட்ஜெட்டிலும் ஓடியது. இத்தனைக்கும் நடுவில் அந்தச் சின்ன கியரின் வேலை மாறவே இல்லை.

அதற்கு வேலை இரண்டு. மேல் முனையில் டிஸ்ட்ரிபியூட்டரைச் சுற்றுகிறது, அதாவது எந்த சிலிண்டருக்கு எப்போது தீப்பொறி என்பதை முடிவு செய்கிறது. கீழ் முனையில் ஆயில் பம்ப்பைச் சுற்றுகிறது. கியரைச் சுற்றுவது கேம்ஷாஃப்ட், அதாவது வால்வுகளைத் திறக்கும் தண்டு. நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினில் பிஸ்டன்கள் சுழற்றும் தண்டான க்ராங்க் இரண்டு சுற்று சுற்றினால் கேம் ஒரு சுற்று. ஒவ்வொரு சிலிண்டருக்கும் தீப்பொறி தேவைப்படுவதும் இரண்டு க்ராங்க் சுற்றுக்கு ஒருமுறைதான். அதனால் கேமும் டிஸ்ட்ரிபியூட்டரும் ஒரே வேகத்தில் சுற்றினால் போதும். இரண்டு பக்கமும் பல் எண்ணிக்கை சமம். அந்தக் கணக்கோடு பம்ப்பும் ஒட்டிக்கொண்டுவிட்டது. எஞ்சின் 4000 சுற்றில் ஓடும்போது பம்ப் 2000 சுற்றில் ஓடும்.

பம்ப் நின்றால் என்ன ஆகும்? க்ராங்க் ஷாஃப்ட்டைத் தாங்கும் பேரிங்குகளில் உருளையோ குண்டோ கிடையாது. பளபளப்பான எஃகுத் தண்டு, அதைச் சுற்றி மென்மையான உலோகம் பூசிய இரண்டு அரை ஓடுகள், நடுவே ஏறக்குறைய 0.05 மில்லிமீட்டர் இடைவெளி, அதில் எண்ணெய். அவ்வளவுதான். தண்டு சுற்றும்போது எண்ணெயைத் தன்னோடு இழுத்துக்கொண்டு போய், இடைவெளி குறுகும் பக்கத்தில் ஆப்பு மாதிரி செருகுகிறது. அந்த எண்ணெய் ஆப்பின் மேல் தண்டு மிதக்கிறது. நன்றாக ஓடும் எஞ்சினில் உலோகம் உலோகத்தைத் தொடுவதே இல்லை. பம்ப்பின் வேலை தண்டைத் தூக்குவது இல்லை, ஓரங்களில் கசிந்து போகும் எண்ணெய்க்கு ஈடாகப் புதிது கொடுத்துக்கொண்டே இருப்பது. அது நின்றால் வேகமாக ஓடும் எஞ்சினில் பேரிங் சூடேறி, உருகி, தண்டைப் பிடித்துக்கொள்ள அதிக நேரம் ஆகாது.

பம்ப் எளிமையானது. நான்கு இதழ் கொண்ட ஒரு சக்கரம், ஐந்து குழி கொண்ட ஒரு வளையத்துக்குள் மையம் தள்ளி உட்கார்ந்திருக்கும். உள்ளே இருப்பது சுற்றினால் வளையமும் கூடவே சுற்றும். இரண்டுக்கும் நடுவிலுள்ள அறைகள் ஒரு பக்கம் பெரிதாகி எண்ணெயை உறிஞ்சும், மறுபக்கம் சிறிதாகிப் பிதுக்கித் தள்ளும்.

இப்போது அந்தச் சாய்வுப் பற்களுக்கு வருவோம். கேம்ஷாஃப்ட் படுத்திருக்கிறது, பம்ப் தண்டு நிற்கிறது. குறுக்கே போகும் இரண்டு தண்டுகளை நேர்ப் பற்களால் இப்படிக் கோக்க முடியாது. அதனால் இரண்டிலும் பற்களைத் திருகாணி மரை போலச் சாய்த்து வெட்டுகிறார்கள். இப்படிப்பட்ட ஜோடியில் பல் பல்லின் மேல் உருள்வதைவிட வழுக்குவதே அதிகம். தொடும் இடமும் ஏறக்குறைய ஒரு புள்ளிதான். அதனால் எண்ணெய் குறைந்தால் முதலில் தேய்வதில் இதுவும் ஒன்று. ஓடி ஓடி ஒன்றுக்கொன்று பழகிய ஜோடியைப் பிரித்து, புது கேம்ஷாஃப்ட்டோடு பழைய கியரை இணைப்பது நல்லதில்லை. பழைய கியரின் பல்லில் நகத்தை ஓட்டிப் பார்த்தால் நடுவில் ஒரு பள்ளம் தட்டும். அது வேறொரு கேமுக்காகத் தேய்ந்த பள்ளம்.

சாய்வினால் இன்னொரு விளைவும் உண்டு. மரையில் நட்டைத் திருகினால் அது தண்டோடு ஏறவோ இறங்கவோ செய்கிறது இல்லையா? இந்த கியரும் அப்படித்தான். கேமை அசையாமல் வைத்துக்கொண்டு கியரைக் கீழே தள்ளினால் அது சுழலும். சுழல்வதைத் தடுத்தால் இறங்காது. பல் சுமார் 45 டிகிரி சாய்வு, கியரின் விட்டம் 24 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 1 மில்லிமீட்டர் இறங்கினால் ஓரத்தில் 1 மில்லிமீட்டர் சுழலும். அது ஏறக்குறைய 5 டிகிரி. பத்து பன்னிரண்டு மில்லிமீட்டர் பல் கோத்து இறங்கும்போது 50, 60 டிகிரி திரும்பிவிடும். துளையின் வாயில் வைக்கும்போது சரியான திசையைக் காட்டும் கியர், அடியில் போய் உட்காரும்போது வேறு திசையைக் காட்டுவது இதனால்தான். ஆகவே உட்கார்ந்தபின் எங்கே நிற்க வேண்டுமோ, அதற்கு அவ்வளவு டிகிரி முன்னாலேயே தொடங்க வேண்டும்.

முதலில் எஞ்சினை நிறுத்த வேண்டிய இடம்: 1-ஆம் சிலிண்டரில் பிஸ்டன் உச்சியில், அதுவும் கம்ப்ரஷன் முடிவில், அதாவது உள்ளே இருப்பதை அமுக்கி முடித்த நேரத்தில். பிஸ்டன் இரண்டு சுற்றில் இரண்டு முறை உச்சிக்கு வரும். ஒன்று கம்ப்ரஷன், மற்றது புகை வெளியேறும் முடிவு. புல்லியில் உள்ள குறிக்கு இந்த வித்தியாசம் தெரியாது. பிளக்கைக் கழற்றிவிட்டு அந்தத் துளையை விரலால் மூடிக்கொண்டு க்ராங்கைச் சுற்றினால், கம்ப்ரஷனில் காற்று விரலைத் தள்ளும். வால்வு மூடி திறந்திருந்தால் இன்னும் சுலபம். எரியும் வரிசை 1-3-4-2 என்பதால், 4-ஆம் சிலிண்டரின் வால்வுகளைத் தள்ளும் இரண்டு ராக்கரும் ஒன்று ஏற ஒன்று இறங்க ஆடுகிற நேரத்தில், 1-ஆம் சிலிண்டர் கம்ப்ரஷன் உச்சியில் இருக்கும். இதில் தவறினால் தீப்பொறி சரியாக ஒரு க்ராங்க் சுற்று தள்ளி வரும். டிஸ்ட்ரிபியூட்டரின் நாக்கும் அது பொருந்தும் கியரின் மேல் வெட்டும் மையம் தள்ளி இருப்பதால் டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பிப் போட முடியாது. ஆனால் கியரையே மாற்றிப் போட்டுவிட்டால் அந்தக் காப்பு உதவாது.

அப்புறம்தான் உண்மையான சிரமம். மூன்று விஷயங்கள் ஒரே நேரத்தில் கூடி வர வேண்டும். பல் கேமின் சரியான பல்லோடு கோக்க வேண்டும், மேல் வெட்டு மேனுவல் படத்தில் காட்டும் திசையில் நிற்க வேண்டும், கீழே பம்ப் தண்டோடு நாக்கும் வெட்டும் பொருந்த வேண்டும். முதல் இரண்டும் சரியாக வந்து மூன்றாவது வராதபோது கியர் ஐந்தாறு மில்லிமீட்டர் தூக்கிக்கொண்டு நிற்கும்.

முதல்முறை நான் இதைச் செய்தபோது பக்கத்தில் இருந்தவர், பழைய வண்டி வேலையே பார்த்து வளர்ந்த புதுப்பேட்டைப் பெரியவர் ஒருவர். கியர் மூன்று முறை தூக்கிக்கொண்டு நின்றது. பீடத்தை வைத்து நட்டை இறுக்கினால் தானே உட்காரும் என்று ஸ்பேனரை எடுத்தேன். அவர் என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"நட்டை வெச்சு இழுக்காத தம்பி. அது உக்காரலன்னா கீழ ஏதோ சேரலன்னு அர்த்தம். கியரை வெளிய எடு, திருப்புளியை விட்டு பம்ப்பைத் திருப்பி வை."

"எந்தப் பக்கம் பாய்?"

"கியர் முடிவுல எப்படி நிக்கணுமோ, அப்படி. இப்ப இருக்கற மாதிரி இல்ல."

அந்தக் கடைசி வாக்கியத்தில் எல்லாம் இருந்தது. பம்ப் தண்டைக் கியரின் தொடக்கத் திசைக்குத் திருப்பி வைத்துக்கொண்டிருந்தேன். அதை வைக்க வேண்டியது முடிவுத் திசையில். நீளமான திருப்புளியால் பம்ப்பைத் திருப்பிவிட்டு, கியரை மறுபடி வாயில் வைத்து விட்டேன். விரலுக்கடியில் அது மெதுவாகச் சுழன்று இறங்கி, 'டக்'கென்று ஒரு சின்ன சத்தத்தோடு உட்கார்ந்தது. இழுத்து இறுக்கியிருந்தால் நாக்கு உடைந்திருக்கும், அல்லது பீடம் விரிசல் விட்டிருக்கும்.

ஒரு பல் தவறினால் அது சின்னத் தவறு இல்லை. 12 பல் உள்ள கியர் என்றால் ஒரு பல்லுக்கு 30 டிகிரி, க்ராங்க் கணக்கில் 60. டிஸ்ட்ரிபியூட்டரின் உடலைத் திருப்பி ஓரளவு சமாளிக்கலாம். ஆனால் வேக்குவம் குழாய் எதிலாவது இடிக்கும், அடுத்து வேலை பார்ப்பவர் குழம்புவார். எடுத்து மறுபடி போடுவதே சரி.

உட்கார்ந்துவிட்டது, வேலை முடிந்ததா என்றால் இல்லை. கியருக்கு மேலும் கீழும் அசைய எவ்வளவு இடம் இருக்கிறது என்று அளக்க வேண்டும். சாய்வுப் பல் சுற்றும்போதெல்லாம் கியரை ஒரு பக்கமாகத் தள்ளிக்கொண்டே இருக்கும். இடமே இல்லாவிட்டால் கியர் பீடத்தோடு உரசிச் சூடாகி அரைந்துபோகும். இடம் அதிகமானால் கியர் ஏறி இறங்கும், ஏறி இறங்கினால் சுழலும், சுழன்றால் டைமிங், அதாவது தீப்பொறி விழும் நேரம், ஆடும். டிரையம்ஃப் சொல்லும் அளவு 0.003 முதல் 0.007 அங்குலம், மில்லிமீட்டரில் சுமார் 0.08 முதல் 0.18. நம் 24 மில்லிமீட்டர் கணக்கில் பார்த்தால் 0.18 என்பது க்ராங்கில் 2 டிகிரிக்கும் குறைவான ஆட்டம். அதுவே 1 மில்லிமீட்டர் ஆனால் 9 டிகிரிக்கு மேல் போய்விடும். டைமிங் பார்க்கும் ஸ்ட்ரோப் விளக்கில் டைமிங் குறி ஓரிடத்தில் நிற்காமல் நடுங்கினால், டிஸ்ட்ரிபியூட்டரோடு இதையும் சந்தேகப்பட வேண்டும்.

அளக்கும் முறை எனக்கு மிகவும் பிடித்த ஒன்று. உள்ளே எட்டிப் பார்க்க முடியாத இடத்தை ஒரு சாதாரண வாஷரால் அளக்கிறார்கள். அரை அங்குலத் துளை உள்ள வாஷரின் தடிமனை முதலில் மைக்ரோமீட்டரில் பார்த்துக்கொள்ள வேண்டும், 0.062 அங்குலம் என்று வைத்துக்கொள்வோம். அதைக் கியரின் கீழ்த்தண்டில் மாட்டிக் கியரை இறக்கினால், வாஷரின் தடிமன் அளவுக்குக் கியர் தூக்கி நிற்கும். அதன்மேல் பீடத்தை வைத்தால் அதுவும் பிளாக்கில் படியாமல் தூக்கும். அந்த இடைவெளியில் ஃபீலர் கேஜை (அளவு தெரிந்த மெல்லிய தகட்டை) விட்டுப் பார்க்க வேண்டும். இடைவெளி 0.060 என்றால் கியருக்கு இருக்கும் இடம் 0.002 மட்டுமே. 0.003 அங்குல பேக்கிங் ஒன்றைப் பீடத்துக்கு அடியில் சேர்த்தால் 0.005 ஆகிவிடும். பிறகு வாஷரை மறக்காமல் எடுத்துவிட வேண்டும்.

எல்லா எஞ்சினிலும் ஏற்பாடு ஒன்றுபோல் இல்லை. பழைய மினியிலும் ஃபோக்ஸ்வேகன் பீட்டிலிலும் பம்ப் நேராக கேம்ஷாஃப்ட்டின் முனையிலிருந்தே சுற்றும். செவ்ரலே ஸ்மால் பிளாக்கில் கியர் டிஸ்ட்ரிபியூட்டரோடே ஒட்டியிருக்கும், அதைத் தூக்கினால் கியரும் வந்துவிடும். இன்றைய எஞ்சின்கள் பலவற்றில் பம்ப்பை க்ராங்கே சுற்றுகிறது, டிஸ்ட்ரிபியூட்டர் என்ற பொருளே இல்லை. ஆனால் ஹெரால்டு முறையில் ஒரு பாதுகாப்பு இருந்தது. கியரின் பற்கள் நொறுங்கினால் எண்ணெயும் நிற்கும், தீப்பொறியும் நிற்கும். பேரிங் கருகுவதற்கு முன் எஞ்சின் அணைந்துவிடும். கீழே பம்ப் நாக்கு மட்டும் உடைந்தால்தான் ஆபத்து. அப்போது எண்ணெய் இல்லாமலே எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும், டேஷ்போர்டில் எரியும் சிவப்பு விளக்கு மட்டுமே சொல்லும். அந்த நாக்கைக் காப்பாற்றத்தான் பெரியவர் என் கையைப் பிடித்தார்.

ஆயில் பம்ப்பைப் பிரித்துப் போட்டிருந்தால் கியர் இறக்குவதற்கு முன்பே இன்னொன்று செய்துவிடலாம். காய்ந்த பம்ப் எண்ணெயை உறிஞ்சத் தடுமாறும், அதனால் மூடும் முன் உள்ளே எண்ணெய் ஊற்ற வேண்டும். கியர் இல்லாத துளை வழியாக, பம்ப் முனைக்குப் பொருந்தும்படி ராவிய கம்பியை விட்டு, டிரில்லால் மெதுவாகச் சுற்ற வேண்டும். எஞ்சின் ஓடும்போது பம்ப் சுற்றும் திசையிலேயே சுற்ற வேண்டும், எதிர்த்திசை உதவாது. முதலில் டிரில் லேசாக ஓடும். கொஞ்ச நேரத்தில் திடீரென்று கனக்கும், சத்தம் தாழும். எண்ணெய் வழிகளெல்லாம் நிரம்பி அழுத்தம் ஏறிவிட்டது. இக்னிஷனைப் போட்டு வைத்திருந்தால் அந்த நொடியில் சிவப்பு விளக்கு அணைவதைப் பார்க்கலாம். கம்பியை எடுத்துவிட்டு, பம்ப் தண்டை முடிவுத் திசைக்குத் திருப்பி வைத்து, கியரை இறக்கலாம்.