வாரண்டி என்றால் உத்தரவாதமா?

காரைக்குடியில் எங்கள் ஆச்சி ஒரு அடுக்குமாடி வீடு பார்க்கப் போனார். விற்பவர்கள் கொடுத்த நோட்டீஸில் 'கட்டடத்துக்கு 5 ஆண்டு உத்தரவாதம்' என்று கொட்டை எழுத்தில் இருந்தது. "அஞ்சு வருசத்துக்கு ஒரு விரிசல்கூட வராதாம்" என்று ஆச்சி நிம்மதியாகச் சொன்னார். எனக்குப் பகீரென்றது. விரிசல் வந்தால் சரிசெய்து தருவோம் என்பதுதான் அங்கே விஷயம். வராது என்று யாரும் சொல்லவில்லை. ஆங்கிலத்து 'வாரண்டி'யைத்தான் அந்த நோட்டீஸில் உத்தரவாதம் என்று தமிழாக்கியிருந்தார்கள். அது பொருந்தாது என்கிறேன் நான்.

வாரண்டி, பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போன சொல். கேரண்டியும் அதே வேரில் பிறந்ததுதான். கோர்ட் வாரண்டும் அதே குடும்பம். வேர் ஒன்று என்பதால் பொருளும் ஒன்றாகிவிடாது.

உத்தரவாதத்தை வடசொல் என்பதற்காக நான் ஒதுக்கவில்லை. உத்தரம் என்றால் மறுமொழி. பதில் சொல்லக் கடமைப்பட்டிருப்பதே உத்தரவாதம். மலையாளத்தில் உத்தரவாதித்தம் என்றால் இன்றும் பொறுப்புதான். தமிழிலும் சொல் அந்தப் பொருளோடு நின்றிருந்தால் வாரண்டிக்கு இதைவிடப் பொருத்தமான சொல் கிடையாது. ஆனால் 'வெற்றிக்கு உத்தரவாதம்', 'வேலைக்கு உத்தரவாதம்' என்று எழுதி எழுதி, 'நடந்தே தீரும்' என்கிற இடத்துக்கு அதைக் கொண்டுபோய்விட்டோம். வீடு வாங்குகிறவர் காதில் அப்படித்தான் விழும்.

அதோடு கேரண்டிக்கும் இதே சொல்லைப் போடுகிறார்கள். 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தில் கேரண்டிக்கு மூன்று பேர் வேண்டும்: கடன் கொடுத்தவர், வாங்கியவர், 'அவர் கட்டாவிட்டால் நான் கட்டுகிறேன்' என்று நிற்பவர். லேவாதேவியில் பேரெடுத்த ஊர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம், ஜாமீன் என்றால் போதும். வீட்டு வாரண்டியில் அப்படி மூன்றாம் ஆள் கிடையாது. கட்டி விற்றவரே பழுதுக்கும் பொறுப்பு.

வீட்டு வாரண்டியை 'வீட்டுக் காப்பீடு' என்று எழுதுவது இன்னும் மோசம். தீ, வெள்ளம் என்று வரும் சேதத்துக்குப் பிரீமியம் கட்டி வாங்குவது காப்பீடு. அமெரிக்காவில் 'ஹோம் வாரண்டி' என்ற பெயரில் விற்பது வேறொன்று: ஏசி, வாட்டர் ஹீட்டர், குழாய் தேய்ந்து கெட்டால் பழுது பார்த்துத் தரும் வருட ஒப்பந்தம். ஆள் வரும்போதெல்லாம் ஒரு கட்டணமும் உண்டு. நாம் ஏ.எம்.சி. (ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம்) என்று சொல்வதற்குத்தான் அது நெருக்கம். அதைப் பற்றிய கட்டுரையைக் 'காப்பீடு' என்று தமிழாக்கினால், படிப்பவர் இடி விழுந்தாலும் பணம் வரும் என்று நினைக்கமாட்டாரா?

சரி, என்னதான் சொல்வது? பழைய வளவு வீட்டில் நாட்டு ஓடு மாற்றிய கொத்தனார், "ஒழுகினா நான் பொறுப்பு" என்றார். வேறு சொல் எதற்கு? பழுதுப் பொறுப்பு. யார், எதற்கு, எத்தனை நாளைக்கு என்ற கேள்விகள் இந்தச் சொல்லிலேயே எழுந்துவிடும். 'பொறுப்புறுதி' என்றும் எழுதுகிறார்கள். தவறில்லை, ஆனால் பேச்சில் வராது.

2016ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் சட்டத்தின் 14ஆவது பிரிவு சொல்வதும் இதைத்தான். வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து 5 ஆண்டுக்குள் கட்டமைப்பிலோ வேலைத்தரத்திலோ குறை இருப்பதைத் தெரிவித்தால், கட்டி விற்றவர் 30 நாளில் காசு வாங்காமல் சரிசெய்ய வேண்டும். ஆத்தங்குடிக் கல் பதித்த பழைய வீட்டை அதன் உரிமையாளரிடம் வாங்குகிறவருக்கு இது கிடைக்காது. அங்கே 1882ஆம் ஆண்டு சொத்து மாற்றச் சட்டம்தான். சாதாரணமாகப் பார்த்தால் தெரியாத பெரிய குறை தனக்குத் தெரிந்திருந்தால், விற்பவர் அதை முன்பே சொல்ல வேண்டும்.

பழுதுப் பொறுப்பு என்று எழுதக் கூச்சமாக இருந்தால் வாரண்டி என்றே எழுதுங்கள். ஆச்சிக்கு அந்தச் சொல் மிக்சி வாங்கிய நாளிலிருந்தே தெரியும்.