மாரடைப்பு வேறு, இதய முடக்கம் வேறு

மருத்துவர் ‘கார்டியாக் அரெஸ்ட்’ என்றால், நம் செய்தியாளர்கள் கண்ணை மூடிக்கொண்டு ‘மாரடைப்பு’ என்று எழுதிவிடுகிறார்கள். 2016 டிசம்பர் 4 மாலை முதலமைச்சர் ஜெயலலிதாவுக்கு ஏற்பட்டதாக மருத்துவமனை அறிவித்தது கார்டியாக் அரெஸ்ட். தமிழ்ச் செய்திகள் பலவற்றில் அது மாரடைப்பாகிவிட்டது. இன்றும் அதே கதைதான்.

மாரடைப்பு அருமையான சொல். இதயத் தசைக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய் அடைபட, தசை சாகத் தொடங்குகிறது. மருத்துவர்கள் எழுதும் ‘இன்ஃபார்க்‌ஷன்’ என்பதும் ‘திணித்து அடை’ என்னும் லத்தீன் வினையிலிருந்து வந்ததுதான். இவ்வளவு பொருத்தமான சொல் இருக்க, ‘இதயத் தாக்குதல்’ எதற்கு? யார் யாரைத் தாக்கினார்கள்?

அரெஸ்ட் என்பதற்குப் பழைய பிரெஞ்சில் நிறுத்துதல் என்று பொருள். போலீஸ் செய்யும் கைதுக்கும் அதுவே வேர். இதயத்தின் மின் ஒழுங்கு குலைந்து ரத்த ஓட்டம் நின்றுபோவதையே இது குறிக்கிறது. மாரடைப்பு இதற்கு ஒரு காரணமாகலாம், ஆனால் இரண்டும் ஒன்றல்ல. மாரடைப்பு வந்தவர் பெரும்பாலும் நினைவோடு இருப்பார், நெஞ்சு வலிக்கிறது என்பார். அரெஸ்ட் ஆனவரோ சில நொடிகளில் சுருண்டு விழுவார். கூப்பிட்டால் பதில் வராது, சீரான மூச்சும் இராது. 108-ஐ அழைத்துவிட்டு, விழுந்த இடத்திலேயே நடுமார்பில் நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்த வேண்டும். இந்த வேறுபாட்டை மறைக்கும் சொல் உயிருக்கே ஆபத்து.

சிலர் ‘இதயச் செயலிழப்பு’ என்கிறார்கள். இது இன்னும் மோசம். அது ஹார்ட் ஃபெயிலியருக்கு ஏற்கெனவே வழங்கும் சொல். கால் வீங்கி, மூச்சு வாங்கி, மாத்திரையோடு ஆண்டுக்கணக்கில் வாழ்பவர்களின் நோய் அது. அகராதியில் முதலில் கண்ணில் பட்டதை எடுத்து ஒட்டும் மொழிபெயர்ப்பாளர்களுக்கு இதெல்லாம் எங்கே உறைக்கப் போகிறது!

‘இதய நிறுத்தம்’ பரவாயில்லை. ஆனால் பல நேரங்களில் இதயம் முற்றிலும் நின்றுவிடுவதில்லை. கீழறைகள் தாறுமாறாக நடுங்கிக்கொண்டிருக்கும், ரத்தம் மட்டும் வெளியே போகாது. அசைவு இருந்தும் வேலை நடக்காத அந்த நிலைக்கு ‘இதய முடக்கம்’ என்பதே சரி.

எந்த நோயில் இறந்தாலும் கடைசியில் இதயம் நிற்கத்தான் செய்யும். காரணம் தெரியாத சாவுக்கெல்லாம் மாரடைப்பு என்று எழுதுகிறவர்கள், இறந்தவருக்கு இல்லாத நோயை ஏற்றிவிடுகிறார்கள்.