டிரஸ்டட்இன்ஸ்டாலர்: அட்மினுக்கும் அனுமதி மறுக்கும் விண்டோஸ்

ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் மலையகத்தில் பின்னேரமானால் இடியும் மழையும்தான். விண்டோஸ் அப்டேட் ஓடுகிற நேரம் பார்த்துக் கரண்ட் போகும். மறுநாள் கணினியைப் போட்டால் ஏதோ ஒரு டிஎல்எல் கோப்பு, அதாவது பல நிரல்கள் பொதுவாகப் பயன்படுத்தும் கோப்பு, பழுது என்று செய்தி வரும். பக்கத்துக் கணினியிலிருந்து அதே கோப்பைப் பென்டிரைவில் கொண்டுவந்து, விண்டோஸின் சொந்தக் கோப்புகள் இருக்கும் சிஸ்டம்32 கோப்புறையில் போட்டால் சரியாகிவிடும் என்றுதான் யாருக்கும் தோன்றும். போடப் போனால், இதை மாற்ற டிரஸ்டட்இன்ஸ்டாலரின் அனுமதி வேண்டும் என்கிறது விண்டோஸ். அட்மினிஸ்ட்ரேட்டர் கணக்கில் இருந்தாலும் அதே பதில்தான்.

டிரஸ்டட்இன்ஸ்டாலர் ஓர் ஆளின் கணக்கல்ல. அப்டேட்டுகளை நிறுவும் விண்டோஸ் மொடியூல்ஸ் இன்ஸ்டாலர் என்ற, பின்னணியில் ஓடும் சேவையின் அடையாளம் அது. 2007இல் விஸ்டாவோடு பொதுப் பாவனைக்கு வந்தது. அதற்கு முந்திய எக்ஸ்பியில் ஒரு சிஸ்டம் கோப்பை மாற்றினால், டிஎல்எல்கேஷ் கோப்புறையில் இருந்த பிரதியை எடுத்து விண்டோஸ் திரும்பப் போட்டுவிடும். விஸ்டாவில் மாற்றவே விடாமல் தடுக்கும் முறைக்குப் போனார்கள். சிஸ்டம்32இல் உள்ள பெரும்பாலான கோப்புகளுக்கு உரிமையாளர் இந்தச் சேவைதான். முழு அதிகாரமும் அதற்கே. அட்மினிஸ்ட்ரேட்டர்களுக்கு வாசிக்கலாம், இயக்கலாம், அவ்வளவுதான்.

ஆனால் அனுமதி மறுக்கப்பட்டால் உடனே டிரஸ்டட்இன்ஸ்டாலரைக் குறை சொல்லக் கூடாது. முதலில் பிழை எண்ணைப் பாருங்கள். 32 என்றால் இது அனுமதிப் பிரச்சினையே அல்ல, வேறொரு நிரல் அந்தக் கோப்பைத் திறந்து வைத்திருக்கிறது. ரிசோர்ஸ் மொனிட்டரைத் திறந்து, சிபியு பக்கத்தில் அசோசியேட்டட் ஹேண்டில்ஸ் என்ற இடத்தில் கோப்பின் பெயரைத் தேடினால் எந்த நிரல் என்று தெரியும். அதை மூடினால் போதும். எண் 5 என்றால்தான் உண்மையான அனுமதி மறுப்பு.

அந்த 5க்கும் மிகச் சாதாரணமான காரணம் ஒன்று உண்டு. அட்மின் கணக்கில் உள்நுழைந்தாலும் விண்டோஸ் உங்கள் நிரல்களைச் சாதாரண பயனராகத்தான் ஓட்டுகிறது. பெரிய துரை சாவிக்கொத்தை ஆபிஸில் வைத்துவிட்டு மலை பார்க்கப் போவது போல, அதிகாரம் இருக்கிறது, கையில் இல்லை. நிரலை வலது சொடுக்கி ரன் அஸ் அட்மினிஸ்ட்ரேட்டர் என்று திறந்தால்தான் முழு அதிகாரத்தோடு ஓடும்.

பாடசாலைக் கணினிக் கூடத்தில் சில தளங்களை மறிக்க, தளப் பெயர் எந்த முகவரிக்குப் போக வேண்டும் என்று சொல்லும் ஹோஸ்ட்ஸ் கோப்பைத் திருத்துபவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். சிஸ்டம்32க்குள் டிரைவர்ஸ், அதற்குள் ஈடிசி என்ற கோப்புறையில் அது இருக்கிறது. வாசிக்க எல்லோருக்கும் அனுமதி உண்டு என்பதால் நோட்பேடில் திறக்கும். எழுதவும் விடும். சேமிக்கும்போதுதான் மறுக்கும். ஹோஸ்ட்ஸ் கோப்பில் அட்மின்களுக்கு எழுத அனுமதி ஏற்கெனவே இருக்கிறது. ஆகவே நோட்பேடை அட்மினாகத் திறந்து, அதற்குள்ளிருந்து கோப்பைத் திறந்தால் வேலை முடிந்தது, உரிமையாளரை மாற்றத் தேவையே இல்லை. வேறிடத்தில் சேமித்துக் கொண்டுவந்தவர்கள், பெயருக்குப் பின்னால் டிஎக்ஸ்டி நீட்சி ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நீட்சி இருந்தால் விண்டோஸ் அந்தக் கோப்பைக் கவனிக்கவே கவனிக்காது. இத்தனைக்கும் பிறகும் மாற்றம் மறைந்துபோனால், விண்டோஸின் வைரஸ் தடுப்பான டிஃபெண்டரின் எச்சரிக்கைப் பட்டியலைப் பாருங்கள். ஹோஸ்ட்ஸில் சில வகை மாற்றங்களை அது தாக்குதலாகக் கருதி நீக்கிவிடும்.

தோட்ட ஆபிஸ்களில் ஓடும் பழைய செக்ரோல் (தொழிலாளர் பெயர், சம்பளக் கணக்கு) மென்பொருள்களில் இதன் மறுபக்கத்தைக் காணலாம். அங்கே பிழையே வராது. பழைய 32 பிட் நிரல் புரோகிராம் ஃபைல்ஸுக்குள் எழுத முயன்றால், விண்டோஸ் மறுக்காமல், அந்தப் பயனரின் ஆப்டேட்டா கோப்புறைக்குள் லோக்கல், அதற்குள் வர்ச்சுவல்ஸ்டோர் என்ற இடத்துக்கு எழுத்தைத் திருப்பிவிடும். ஒரு கிளாக்கர் போட்ட கணக்கு, வேறு கணக்கில் உள்நுழையும் இன்னொரு கிளாக்கருக்குத் தெரியாமல் போவது இப்படித்தான். தரவுக் கோப்புறையைப் புரோகிராம் ஃபைல்ஸுக்கு வெளியே வைப்பதுதான் சரியான வழி.

இனி அந்தப் பழுதான டிஎல்எல்லுக்கு வருவோம். கரண்ட் போன கணினியில் முதலில் வட்டைச் சோதிக்க வேண்டும். அட்மினாகத் திறந்த கட்டளைச் சாளரத்தில் செக்டிஸ்க்கை சி வட்டுக்கு எஃப் தெரிவோடு கொடுத்தால், அடுத்த முறை கணினி தொடங்கும்போது ஓடும். பிறகு சிஸ்டம் கோப்புகளைச் சோதிக்கும் எஸ்எஃப்சி, ஸ்கேன்நவ் தெரிவோடு. வின்எஸ்எக்ஸ்எஸ் என்ற களஞ்சியத்திலிருந்து நல்ல பிரதியை எடுத்து அது தானே திருத்தும். கோப்புகளை மாற்ற உரிமையுள்ள சேவையின் வழியாகப் போவதால் அனுமதிச் சிக்கலும் எழாது.

சில கோப்புகளைத் திருத்த முடியவில்லை என்று சொன்னால் களஞ்சியமே பழுது. அப்போது களஞ்சியத்தைத் திருத்தும் டிஸ்ம் கருவியை ரிஸ்டோர்ஹெல்த் தெரிவோடு ஓட்டிவிட்டு, எஸ்எஃப்சியைத் திரும்ப ஓட்ட வேண்டும். டிஸ்ம் தேவையான கோப்புகளை இணையத்தில் இருந்து இறக்கும். சிக்னல் மெலிந்த தோட்டத்தில் இது பாதியில் நிற்கும். அதே பதிப்பு விண்டோஸின் ஐஎஸ்ஓ கோப்பை, அதாவது முழு நிறுவல் வட்டும் ஒரே கோப்பாக இருப்பதை, டவுனில் இறக்கிக் கொண்டுபோய், சோர்ஸ் தெரிவில் அதனுள் இருக்கும் இன்ஸ்டால் விம் கோப்பைக் காட்டலாம். லிமிட்அக்ஸஸ் தெரிவையும் சேர்த்தால் விண்டோஸ் அப்டேட்டைத் தேடிப் போகாது. விண்டோஸ் 11இன் ஐஎஸ்ஓ 5 ஜிபியைத் தாண்டும். ஃபேட்32 பென்டிரைவில் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒற்றைக் கோப்பு ஏறாது என்பதால் பென்டிரைவை எக்ஸ்ஃபேட்டாக ஃபோர்மட் செய்துகொள்ளுங்கள்.

அதுவும் தோற்றால்தான் கையால் மாற்றும் கட்டம். விண்டோஸ் கோப்புறையின் லோக்ஸ், அதற்குள் சிபிஎஸ் கோப்புறையில் உள்ள பதிவில், திருத்த முடியாத கோப்பின் பெயர் இருக்கும். அந்த ஒரு கோப்புக்கு மட்டும், உரிமையை எடுக்கும் டேக்ஓன் கட்டளையை எஃப் தெரிவோடும் ஏ தெரிவோடும் கொடுங்கள். ஏ இல்லாவிட்டால் உரிமை அட்மின் குழுவுக்குப் போகாமல் உங்கள் தனிக்கணக்குக்குப் போகும். உரிமை கிடைத்ததும் எழுத முடியும் என்று நினைத்து இங்கேயே பலர் நின்றுவிடுகிறார்கள். உரிமையாளருக்கு நிச்சயமாகக் கிடைப்பது யாருக்கு என்ன அனுமதி என்ற பட்டியலை வாசிக்கவும் மாற்றவும் உள்ள அதிகாரம்தான், எழுதும் அதிகாரம் அல்ல. ஐகேக்கிள்ஸ் கட்டளையின் கிராண்ட் தெரிவால் அட்மின் குழுவுக்கு முழு அனுமதி கொடுத்த பிறகே எழுத முடியும். அதற்கு முன் சேவ் தெரிவால் பழைய பட்டியலைப் பதிந்து வையுங்கள். உரிமையாளர் யார் என்பது அந்தப் பதிவில் வராது.

கோப்பைத் திறந்து உள்ளே மாற்றக் கூடாது, மேலெழுதவும் கூடாது. சிஸ்டம்32இல் இருக்கும் கோப்பும் களஞ்சியத்தில் இருக்கும் கோப்பும் பெரும்பாலும் ஒன்றேதான்: வட்டில் ஒரே தரவு, பெயர் மட்டும் இரண்டு. ஹார்ட் லிங்க் என்பார்கள். ஒன்றில் எழுதினால் மற்றதும் மாறும், அனுமதியும் சேர்ந்தே மாறும். பழையதன் பெயரை மாற்றி வைத்துவிட்டுப் புதியதை அந்தப் பெயரில் போட்டால் களஞ்சியப் பிரதியின் உள்ளடக்கம் தொடப்படாமல் இருக்கும். பயன்பாட்டில் இருக்கும் டிஎல்எல்லை அழிக்க முடியாவிட்டாலும் பெயர் மாற்ற விண்டோஸ் பொதுவாக விடும். புதிய கோப்பு அதே பில்ட் எண் (விண்டோஸ் பதிப்பின் நுணுக்கமான எண்) கொண்ட கணினியிலிருந்து வர வேண்டும். வின்வெர் என்று அடித்தால் எண் தெரியும்.

சி வட்டு முழுவதற்கும் உரிமை எடு, அனுமதிகளை ரீசெட் செய் என்று சொல்லும் வீடியோக்களைப் பின்பற்றாதீர்கள். சேவைகளுக்கென்று தனித்தனியே இருந்த அனுமதிகள் அழிந்து, ஸ்டோர் செயலிகள் திறக்காமல் போகும். அந்த நிலைக்குப் போன கணினியில், கோப்புகளை வைத்துக்கொண்டு விண்டோஸை மேலாக மறுபடி நிறுவுவதுதான் நடைமுறை வழி.

வேலை முடிந்ததும் புதிய கோப்பின் உரிமையை டிரஸ்டட்இன்ஸ்டாலருக்கே கொடுத்து, ஐகேக்கிள்ஸின் ரிஸ்டோர் தெரிவால் பழைய பட்டியலையும் ஏற்றுங்கள். உரிமையைக் கொடுக்க ஐகேக்கிள்ஸின் செட்ஓனர் தெரிவு இருக்கிறது. வெறுமனே டிரஸ்டட்இன்ஸ்டாலர் என்று அடித்தால் அப்படியொரு பெயர் இல்லை என்று சொல்லும். என்டி, ஓர் இடைவெளி, சர்விஸ், பின்சாய்கோடு, பிறகு டிரஸ்டட்இன்ஸ்டாலர் என்று முழுப்பெயரையும் மேற்கோள் குறிகளுக்குள் கொடுக்க வேண்டும்.