வில்லங்கச் சான்றில் தெரியாத வழக்கு: ‘லிஸ் பெண்டன்ஸ்’ என்றால் என்ன?

தீர்ப்பை நிறைவேற்ற நீதிமன்ற ஊழியரான அமீனா வாசலில் வந்து நின்ற பிறகு வழக்கறிஞரைத் தேடி வருபவர்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: “வில்லங்கம் போட்டுப் பார்த்து, முழுப் பணமும் கொடுத்துக் கிரயம் செய்தேன், இந்தச் சொத்தின் மீது நடந்த வழக்கில் நான் ஒரு தரப்பும் இல்லை, என்னை எப்படி வெளியேற்ற முடியும்?”

‘லிஸ்’ என்பது வழக்கு. ‘பெண்டன்ஸ்’ என்பது நிலுவையில் இருப்பது. அசையாச் சொத்தின் உரிமை நேரடியாகக் கேள்விக்கு உள்ளாகியிருக்கும் வழக்கு நிலுவையில் இருக்கும்போது, எதிர்த்தரப்பின் உரிமை பாதிக்கப்படும் வகையில், நீதிமன்ற அனுமதி இல்லாமல் எந்தத் தரப்பும் அச்சொத்தைக் கைமாற்றக் கூடாது என்று 1882-ஆம் ஆண்டின் சொத்துரிமை மாற்றுச் சட்டம் 52-ஆவது பிரிவில் கூறுகிறது. தடை உத்தரவு இல்லாவிட்டாலும் இந்த விதி செயல்படும். வாங்கியவருக்கு வழக்கு தெரியாது என்பதும் எடுபடாது.

அத்தகைய கிரயம் செல்லாது என்று பலர் நினைப்பது சரியன்று. கிரயம் நிற்கும், ஆனால் தீர்ப்புக்குக் கட்டுப்பட்டே நிற்கும். விற்றவர் வென்றால் வாங்கியவருக்குப் பாதகம் இல்லை. பாகப்பிரிவினை வழக்கில் விற்றவருக்கு மூன்றில் ஒரு பங்கே கிடைத்தால், முழுச் சொத்துக்கும் பணம் கொடுத்தவருக்கும் அந்த ஒரு பங்கே மிஞ்சும். பிராது, அதாவது வழக்கு மனு, தாக்கலான நாளிலேயே நிலுவைக் காலம் தொடங்கிவிடுகிறது. கீழ் நீதிமன்றத் தீர்ப்போடு அது முடிவதில்லை, மேல்முறையீட்டுக் காலத்திலும் நீடிக்கிறது. இரு தரப்பும் கூட்டுச் சேர்ந்து போட்ட வழக்குக்கு மட்டும் இது பொருந்தாது.

வில்லங்கச் சான்று பதிவான ஆவணங்களையே காட்டும். வழக்குத் தாக்கல் அதில் தானாக ஏறுவதில்லை. மகாராஷ்டிரம், குஜராத் மாநிலத் திருத்தங்களில் வழக்கு குறித்த அறிவிப்பைப் பதிவு செய்யும் ஏற்பாடு உண்டு. அது நாடு முழுவதும் வர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அதுவரை, முன்பணம் கொடுப்பதற்கு முன்பே, விற்பவர் பெயரிலும் அவருக்கு முந்தைய உரிமையாளர்கள் பெயரிலும் நீதிமன்ற வழக்கு விவரங்களைக் காட்டும் இ-கோர்ட்ஸ் இணையதளத்தில் தேடுங்கள். பூர்வீகச் சொத்தானால் உடன்பிறந்தவர்களிடம் நேரில் விசாரியுங்கள்.

ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள், உரிமையியல் நடைமுறைச் சட்டம் கட்டளை 1 விதி 10-இன்கீழ் தங்களையும் வழக்கில் சேர்க்கக் கோரி உடனே மனுச் செய்ய வேண்டும். அதை ஏற்பது நீதிமன்றத்தின் விருப்புரிமை. தீர்ப்பு நிறைவேற்றக் கட்டம் வரை காத்திருந்தால், தோற்ற தரப்பிடம் வழக்கு நடக்கும்போது வாங்கியவர் ஆட்சேபம் எழுப்பும் வழியை அதே சட்டத்தின் கட்டளை 21 விதி 102 அடைத்துவிடுகிறது.