நியான் ஒளிச்சிற்பம்: சொல் விளக்கம்

நியான் என்பது முதலில் ஒரு வாயுவின் பெயர். 1898இல் லண்டனில் அதைப் பிரித்தெடுத்த வில்லியம் ராம்சேயும் மாரிஸ் டிராவர்ஸும், ‘புதியது’ என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லையே அதற்குப் பெயராக வைத்தனர். 1910இல் பாரிஸ் மோட்டார் கண்காட்சியில் ஜார்ஜ் குளோட் நியான் குழாய்களை ஒளிரவிட்ட பின்னர், வாயுவின் பெயர் விளக்குக்கும் ஆகிவந்தது. இன்று வளைந்த கண்ணாடிக் குழாய் எந்த நிறத்தில் ஒளிர்ந்தாலும் அதை நியான் என்கிறோம்; ஆனால் நியான் தருவது செம்மஞ்சள் சாயல் கொண்ட சிவப்பு மட்டுமே, நீலமோ பெரும்பாலும் ஆர்கானும் பாதரச ஆவியும் சேர்ந்து தருவது. வழக்கில் வேரூன்றிவிட்ட இந்தப் பிழையை இனித் திருத்த முடியாது. தனிமத்தின் பெயர் என்பதால் நியானுக்குத் தமிழ்ச்சொல் தேடவும் வேண்டியதில்லை.

தேட வேண்டியது அடுத்த பாதிக்குத்தான். கல், உலோகம், செங்கல், மரம், மண், சுதை, தந்தம் என்று சிற்பத்துக்குரிய பொருள்களை அடுக்கும் பழைய நிகண்டுப் பட்டியலில் வண்ணம்கூட உண்டு, ஒளி இல்லை. அதனால் நியான் குழாய்களை வளைத்துச் சிற்பம் செய்யும் இக்கலையை ‘விளக்குச் சிற்பம்’ எனலாமா? கூடாது என்பேன். விளக்கு குழாயோடு முடிந்துவிடுகிறது. தணலில் இளக்கிக் கையால் வளைத்த அந்தக் குழாய் ஏறக்குறைய ஒரு கோட்டோவியம்தான். அதிலிருந்து கசிந்து சுவரிலும் தரையிலும் பார்ப்பவரின் சட்டையிலும் படரும் ஒளியே சிற்பத்துக்குக் கன அளவைத் தருகிறது. 1951இல் மிலான் நகரின் திரியென்னாலே கலைக் கண்காட்சியில் கலைஞர் லூசியோ ஃபொன்தானா படிக்கட்டுக்கு மேலே சுழித்துத் தொங்கவிட்ட நியான் கோட்டை, ஏறிச் செல்பவர்கள் ஒவ்வொரு படியிலும் வேறொரு வடிவமாகக் கண்டிருப்பார்கள். ஆகவே ‘ஒளிச்சிற்பம்’ என்பதே பொருந்தும்.

இதனுடன் சேர்ந்து வரும் இன்னொரு சொல் ‘புலன்காட்சி’. கண்ணில் பட்டதை மனம் இன்னதென்று கொள்வதை உளவியல் நூல்கள் அப்படிக் குறிக்கின்றன. வெறும் ‘பார்வை’ அதற்குப் போதாது. பகல் வெளிச்சம் சற்றே புகும் அறையில் சிவப்பு நியானுக்கு எதிரே கையை நீட்டினால், சுவரில் விழும் நிழல் சாம்பல் நிறமாகத் தெரியாமல் பச்சை கலந்த நீலமாகத் தெரியும். அங்கே பச்சை விளக்கு எதுவும் இல்லை. சுற்றியுள்ள சிவப்பை ஈடுகட்ட முயன்று, கண்ணும் மூளையும் சேர்ந்து அந்த நிறத்தை நிழலுக்கு ஏற்றிவிடுகின்றன.