குதிரை பக்கத்துல நின்னா மனசு ஏன் அடங்குது?

வாசகர் ஒருத்தர் ஒரு ரிசார்ட் நோட்டீஸை போட்டோ புடிச்சு அனுப்பி "இது நெசமாங்க?"ன்னு கேட்டிருந்தார். குதிரையோட இதயத்துல இருந்து வர்ற மின்காந்த அலை மனுஷ இதயத்தை விட அஞ்சு மடங்கு பலமானதாம், பக்கத்துல போய் நின்னாலே நம்ம படபடப்பு எல்லாம் அடங்கிடுமாம், ஒரு மணி நேரத்துக்கு இவ்ளோன்னு ரேட்டும் போட்டிருக்காங்க.

மொதல்ல அந்த அலையை முடிச்சு விட்டுடுவோம். இதயம் துடிக்கும்போது மின்சாரம் ஓடுது, ஈசிஜி எடுக்கறதே அதைத்தான், மின்சாரம் ஓடினா காந்தப்புலம் வரும்னு பத்தாவதுலயே படிச்சாச்சு. ஆனா எவ்ளோ வருது? மனுஷன் நெஞ்சுக்கு மேல வச்சு அளந்தா சில பத்து பிக்கோடெஸ்லா (டெஸ்லான்னா காந்தப்புலத்தை அளக்கற அலகு, பிக்கோன்னா அதுல லட்சம் கோடியில ஒரு பங்கு, மைக்ரோன்னா பத்து லட்சத்துல ஒரு பங்கு), நம்ம பக்கம் பூமியோட காந்தப்புலமே சுமார் 40 மைக்ரோடெஸ்லா, அதாவது கிட்டத்தட்ட பத்து லட்சம் மடங்கு பெருசு. கல்பாக்கத்துல இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்துல இதை அளக்கறதுக்குன்னு ஸ்க்விட்னு ஒரு கருவி செஞ்சு வச்சிருக்காங்க, அதை திரவ ஹீலியத்துல குளிர வச்சு, வெளிய இருக்கற காந்தப்புலம் உள்ள வராத மாதிரி தனி ரூம் கட்டி, அதுக்குள்ள ஆளைப் படுக்க வச்சாத்தான் ஏதோ தெரியும். இவ்ளோ பாடுபட்டு புடிக்கிற ஒண்ணை ரிசார்ட் புல்வெளியில உங்க நெஞ்சு தானா புடிச்சுக்குமாம். அஞ்சு மடங்குன்னே வச்சுக்கிட்டாலும் கணக்கு ஒண்ணும் மாறாது.

அதுக்காக குதிரைக்கும் நமக்கும் நடுவுல ஒண்ணுமே நடக்கலைன்னு சொல்லிட முடியாது. 2009ல ஸ்வீடன்ல லிண்டா கீலிங்னு ஒரு ஆய்வாளர் தன் குழுவோட ஒரு அழகான வேலை பண்ணாங்க. குதிரைக்கும் மனுஷனுக்கும் ரெண்டு பேருக்கும் இதயத்துடிப்பு மீட்டர் மாட்டி, ஒரு இடத்துல இருந்து இன்னொரு இடத்துக்கு நாலு தடவை போகச் சொன்னாங்க, சிலர் கயிறை புடிச்சு நடத்திட்டு போனாங்க, சிலர் ஏறி ஓட்டினாங்க. மூணு தடவை சும்மா. நாலாவது தடவைக்கு முன்னாடி மட்டும் ஆளுங்க கிட்ட, அங்க நிக்கிறவர் நீங்க தாண்டும்போது படக்குன்னு குடையை விரிப்பார்னு சொல்லி அனுப்பினாங்க. குதிரை முன்னாடி குடை விரிச்சா என்ன ஆகும்னு குதிரைக்காரங்களுக்கு நல்லாவே தெரியும். ஆனா குடையை யாரும் விரிக்கவே இல்ல! விரிக்கப் போறாங்கன்னு மனுஷன் நினைச்சதுக்கே மனுஷனுக்கும் துடிப்பு ஏறுச்சு, குடையை பத்தி ஒண்ணுமே தெரியாத குதிரைக்கும் ஏறுச்சு.

எப்படி தெரிஞ்சுதுன்னா, மாயம் ஒண்ணும் இல்ல, சின்ன சின்ன சமிக்ஞைங்க தான். ஏறி ஓட்டினவங்க தங்களுக்கே தெரியாம லகானை கொஞ்சம் குட்டையா புடிச்சிருக்காங்க. குதிரைக்கு கண்ணு ரெண்டும் பக்கவாட்டுல இருக்கறதால கிட்டத்தட்ட 350 டிகிரி பாக்குது, காது ஒவ்வொண்ணும் தனித்தனியா திரும்பும், இங்கிலாந்துல சஸ்ஸெக்ஸ் பல்கலைக்கழகத்துக்காரங்க 2016ல 28 குதிரைங்களுக்கு கோவமான மூஞ்சி போட்டோவை காட்டினப்போ இடது கண்ணால பாத்துச்சுங்க, துடிப்பும் சீக்கிரமா ஏறுச்சு. இதுக்கெல்லாம் தாத்தா பெர்லின்ல இருந்த கிளெவர் ஹான்ஸ், கணக்கு போடுற குதிரைன்னு ஊரே பாக்க வந்துச்சு, விடை எண்ணை குளம்பால தட்டிக் காட்டும். 1907ல ஆஸ்கர் ஃபுங்ஸ்ட் கண்டுபுடிச்சார், கேக்கறவருக்கே விடை தெரியலைன்னா ஹான்ஸுக்கும் தெரியல, கேக்கறவரை பாக்க விடாம மறைச்சாலும் தெரியல. சரியான எண் வந்ததும் கேட்டவரோட தலை துளியூண்டு நிமிருது, அதை பாத்து குதிரை நிறுத்திடுது. இதை கண்டுபுடிச்ச ஃபுங்ஸ்டாலேயே தன் தலையை கட்டுப்படுத்த முடியல.

சரி, இப்ப எனக்கு ரொம்ப புடிச்ச இடத்துக்கு வரேன், அது குதிரையோட நெஞ்சு.

ஓய்வா நிக்கிற பெரிய குதிரைக்கு நிமிஷத்துக்கு 28ல இருந்து 44 துடிப்பு தான். முழு வேகத்துல ஓடினா 220ஐ தாண்டும். இவ்ளோ பெரிய இடைவெளியை ஆளுறது வேகஸ்னு ஒரு நரம்பு, மூளைத்தண்டுல இருந்து கெளம்பி கழுத்து வழியா நெஞ்சுக்கு வருது, நமக்கும் இருக்கு. நம்ம இதயத்தை எந்த நரம்பும் தொடலைன்னா அது தானா நிமிஷத்துக்கு 100 பக்கம் துடிக்கும், இதய மாற்று அறுவை சிகிச்சை பண்ணவங்களுக்கு சும்மா உக்காந்திருக்கும்போதே துடிப்பு அந்த அளவுல இருக்கறது இதனால தான், நரம்பை வெட்டித்தானே வைக்கிறாங்க. மத்தவங்களுக்கு 70ல நிக்குதுன்னா வேகஸ் நாள் பூரா அழுத்திட்டே இருக்கு, இறக்கத்துல சைக்கிள் பிரேக்கை லேசா புடிச்சுக்கிட்டே போறோமே அந்த மாதிரி. பயம் வந்தா மொதல்ல நடக்கறது பிரேக்கை விடறது தான், ஒண்ணு ரெண்டு துடிப்புக்குள்ள வேலை முடிஞ்சிடும். நாம எல்லாத்துக்கும் பழி போடுற அட்ரினலின் வந்து சேர இன்னும் சில வினாடி ஆகும்.

குதிரைக்கு இந்த பிரேக் எவ்ளோ பலம்னா, ஆரோக்கியமான குதிரை சும்மா நிக்கும்போது சில சமயம் ஒரு துடிப்பையே விட்டுடும். டாக்டர் ஸ்டெதாஸ்கோப் வச்சு கேட்டுட்டு இருப்பார், லப்டப், லப்டப், லப்டப், அப்புறம் ஒண்ணும் இருக்காது, நல்லா உத்துக் கேட்டா அந்த இடைவெளியில மெல்லிசா ஒரே ஒரு சத்தம் மட்டும் வரும். அது மேல் அறை சுருங்குற சத்தம். மேல இருந்து உத்தரவு வந்துச்சு, மேல் அறைக்கும் கீழ் அறைக்கும் நடுவுல உத்தரவை கடத்துற கணுவுல வேகஸ் அதை மடக்கி வச்சிடுச்சு, கீழ் அறைக்கு போய் சேரல. ரத்த அழுத்தம் துடிப்புக்கு துடிப்பு கொஞ்சம் ஏறிட்டே போகுது, ஏறினதை கவனிச்சு வேகஸ் ஒரு துடிப்பை நிறுத்துது, அழுத்தம் இறங்குது, மறுபடி மொதல்ல இருந்து. இதே நமக்கு முழிச்சிருக்கும்போது வந்தா டாக்டர் கார்டியாலஜிஸ்ட் கிட்ட எழுதிக் குடுத்துடுவார். குதிரையை பத்தடி வேகமா நடக்க விடுங்க, பிரேக் விட்டுப் போய் எல்லா துடிப்பும் வரிசையா வந்துடும். இதை மொத தடவை படிச்சப்போ எனக்கு தூக்கமே வரல, சிங்கம் புலிக்கு பயந்து வளர்ந்த ஒரு மிருகம் நிம்மதியா இருக்கும்போது தன் இதயத்தை ஒரு துடிப்பு நிறுத்திக்கற அளவுக்கு தளருதுன்னா!

அமைதின்னா பயமே இல்லாம இருக்கறதுன்னு நாம நினைச்சிட்டு இருக்கோம், குதிரை பயந்தாங்கொள்ளி, பறக்குற பிளாஸ்டிக் கவரை பாத்தே மெரளும். ஆனா மெரண்டு பத்தடி ஓடி, திரும்பிப் பாத்து, ஆபத்து இல்லைன்னா தலையை குனிஞ்சு புல்லு மேய ஆரம்பிச்சிடும். பிரேக்கை விடத் தெரிஞ்ச மாதிரி திரும்ப புடிக்கவும் தெரியும். நாம காலையில ஆபீஸ்ல வாங்கின திட்டை ராத்திரி படுக்கையில வச்சு அசை போடுறோம்.

நம்ம பிரேக்கை நேரா புடிக்க வழி இல்ல, ஆனா மூச்சு வழியா ஒரு பின்கதவு இருக்கு. மூச்சை இழுக்கும்போது வேகஸ் தளரும், விடும்போது அழுத்தும். மணிக்கட்டுல நாடி புடிச்சுக்கிட்டு மெதுவா விட்டுப் பாருங்க, விடும்போது துடிப்பு தள்ளித் தள்ளி வரும். நிமிஷத்துக்கு ஆறு மூச்சு பக்கம் இது நல்லா தெரியும். குதிரை கிட்ட நிக்கும்போது பதட்டமா போனா அது தலையை தூக்கும், காதை நம்ம பக்கம் திருப்பும், ஒரு காலை பின்னாடி வைக்கும், அந்த நொடியே உங்களுக்கு தெரிஞ்சுடும், தோளை தளர விட்டு மூச்சை நீட்டி விடுவீங்க. கண்ணாடியில தெரியாத பதட்டத்தை இது காட்டிக் குடுக்குது, அவ்ளோ தான் விஷயம். போன் பாத்துட்டே நிக்கவும் முடியாது, ஐநூறு கிலோ மிருகம் பக்கத்துல இருக்கும்போது கவனம் தானா அங்கேயே தான் இருக்கும். ரெண்டு பேர் இதயமும் ஒரே தாளத்துல சேருதுன்னு சொல்றாங்களே, அது சின்ன சின்ன ஆய்வுங்க, முடிவும் முன்னப்பின்ன தான் வந்திருக்கு.

நாம அதுக்கு திருப்பி ஏதாவது குடுக்கணும்னா அதுக்கும் வழி இருக்கு. கழுத்து முடிஞ்சு முதுகு ஆரம்பிக்கிற அந்த மேட்டுல தான் குதிரைங்க ஒண்ணை ஒண்ணு பல்லால சொறிஞ்சு விடும், 1993ல பிரான்ஸ்ல காமார்க் குதிரைங்க கிட்ட அந்த இடத்துல சொறிஞ்சு விட்டு அளந்தப்போ துடிப்பு பத்து சதவீதத்துக்கும் மேல குறைஞ்சுது. வேற இடத்துல சொறிஞ்சா குறையல. நெத்திக்கு நேர் முன்னாடி அதுக்கு கண்ணு தெரியாது, அதனால பக்கத்துல இருந்து போய் தோள்ல கை வச்சு விரல் நுனியால அழுத்தி சொறியுங்க, மேல் உதடு நீண்டு ஒரு பக்கமா துடிக்க ஆரம்பிச்சா சரியான இடம்.

ஒரு விஷயத்துல ஏமாந்துடாதீங்க. அசையாம நிக்கிற குதிரை எல்லாம் அமைதியான குதிரை கிடையாது. பிரான்ஸ்ல ரென் நகரத்து ஆய்வாளர்கள் சவாரிப் பள்ளிக் குதிரைங்கள்ல ஒரு நிலையை பாத்து 2012ல எழுதினாங்க, கழுத்தும் முதுகும் ஒரே மட்டத்துல, கண்ணு திறந்தே இருக்கும் ஆனா ஒரே இடத்துல குத்தி நிக்கும், காது திரும்பாது, ஆள் வந்தாலும் கண்டுக்காது. மனச்சோர்வு நோய், அதாவது டிப்ரஷன் மாதிரின்னு சொன்னாங்க. தளர்ந்து ஓய்வெடுக்கற குதிரைக்கு கீழ் உதடு தொங்கும், ஒரு பின்னங்கால் மடங்கி இருக்கும், ஆனா நீங்க கிட்ட போனா ஒரு காதாவது திரும்பும். அந்தியூர் சந்தையில சுழி பாத்து குதிரைக்கு விலை பேசுறாங்க, எந்த சுழி வீட்டுக்கு ஆகும் ஆகாதுன்னு சண்டையே நடக்கும், அந்த நேரத்துல காதைப் பாத்தா குதிரையைப் பத்தி எவ்ளோவோ தெரியும்.

மெரினாவுலயும் ஊட்டியிலயும் நாள் பூரா சவாரிக்கு நிக்குதே, அதுங்க கிட்ட இந்த உறைஞ்சு நிக்கிற நிலையை யாராவது ஒழுங்கா ரெண்டு வருஷம் கணக்கெடுக்கணும்னு எனக்கு ரொம்ப நாளா ஆசை. ஹீலியமும் வேண்டாம், தனி ரூமும் வேண்டாம், ஒரு கால்நடை மாணவர், ஒரு நோட்டு, ஒரு வாட்ச், மாசம் ஒரு சின்ன உதவித்தொகை, அது போதும்.